பேஷண்டு பேரு மாதன்

எந்தப் பக்கம்னா கேக்கற? எங்க வூட்டுக்காரருக்கு எடது பக்கம்.

ஆமா, வூட்டுக்காரருக்குத்தான். உன் காது நல்லாத்தான் இருக்குது. ஆம்பளைக்கு மாருல கட்டி வருமான்னு கேக்கணும், அதான? கேளும்மா. இங்க வந்து உக்காந்துட்டு வெக்கம் இன்னாத்துக்கு. வரும். கம்மியாத்தான் வரும், ஆனா வரும். டாக்டரம்மாவே சொன்னாங்க. ஆம்பளைங்களுக்கும் அந்த எடத்துல கொஞ்சூண்டு சதை இருக்குதாம் உள்ள. அதுலயும் வருதாம்.

சிரிக்கற பாத்தியா. சிரி, சிரி. வந்ததுலேருந்து இப்பதான் உன் பல்லப் பாக்கறேன்.

நல்லா சாஞ்சு உக்காரு. எழுந்துக்கறதும் உக்கார்றதுமாவே கெடக்கற. ஒன்னுக்குப் போய்ட்டு வரேன்னுட்டு கேட்டுப் பக்கமா நடந்துக்கினு இருந்த. கக்கூசு அந்தாண்ட இல்லம்மா, இந்தாண்ட. அந்தாண்ட போனா பஸ்ஸுதான் வரும். இன்னா, கருணாபுரமா? அடப் பக்கத்துல. நான் வெள்ளிமலையிலேருந்து எறங்கி வந்துருக்கறேன். உன் பேரு இன்னா சொன்ன, கொளஞ்சியம்மாவா. நான் செங்கம்மா. நீ எனக்கு ரெண்டு வயசு சின்னவளா இருப்ப, இல்லன்னா பெரியவளா இருப்ப. அத்த இப்ப பேச வேணாம், ரெண்டு பேருக்கும் நல்லதில்ல.

கூட ஆரும் வரலியா? வூட்ல சொல்லவே இல்லியா. சரி வுடு. நான் இருக்கறேன்ல.

அவரு டீ குடிக்கப் போயிருக்கறாரு. வர்றதுக்குள்ள சொல்லிடறேன். அவரு இருந்தாருன்னா என்னைய சொல்ல வுட மாட்டாரு. ஊடால பூந்து அவரே சொல்ல ஆரம்பிச்சிடுவாரு, அதுவும் வேற மாதிரி சொல்லுவாரு. மயக்கம் போட்டு வுழுந்தத மட்டும் சொல்ல மாட்டாரு.

எங்க வூட்டுக்காரரு மலையில ஜீப்பு ஓட்டறாரு. கச்சிராப்பாளையத்துக்கும் வெள்ளிமலைக்கும் நடுவுல அவர் ஜீப்புல ஏறாத ஆளு இல்ல. மரவள்ளி மூட்டை ஏறும், பலாப்பழம் ஏறும், ஆடு ஏறும், புள்ளத்தாச்சி ஏறுவா. எல்லாம் ஒரே ட்ரிப்புல ஏறும். வண்டி ஓட்டும்போது சொக்காய்ல மேல பட்டன் போட மாட்டாரு. வயித்துக்கிட்ட ஒண்ணு ரெண்டு போட்டாப் போதும் அவருக்கு. காத்து வந்து மாருல மோதணுமாம். மாரு நல்லா அகலம். அதுல அவருக்குக் கொஞ்சம் பெரும. எங்கிட்ட கூட சொல்லுவாரு, ஏய், உங்கப்பன் மாப்ள பாக்கும்போது இத்தப் பாத்துத்தான்டி பொண்ணு குடுத்தான்னு. எங்கப்பன் ஜீப்பப் பாத்துக் குடுத்தாரு, அது வேற.

அப்ப இன்னா ஆச்சுன்னா, எங்க ஊரு நர்சம்மா, அம்சவள்ளின்னு பேரு, அவுங்க ஒரு நாளு பொம்பளைங்க எல்லாத்தையும் பள்ளிக்கூடத்துல உக்கார வெச்சாங்க. மாருல கட்டி கிட்டி இருக்குதான்னு நீங்களே எப்படித் தடவிப் பாத்துக்கறதுன்னு சொல்லிக் குடுக்கறதுக்கு. அவுங்களக் கூட்டிக்கினு வந்தது எங்க வூட்டு ஜீப்புதான். ஆம்பளைங்க எல்லாம் வெளிய போங்கன்னாங்க. இவரு வெளிய போனாரு. போயி ஜன்னலுக்கு அடியில வண்டிக்குக் காத்து அடிக்கிற மாதிரி குந்திக்கினாரு. டயர்ல காத்து நல்லாத்தான் இருந்துச்சு.

உள்ள நாங்க ஒருத்தி மூஞ்ச ஒருத்தி பாத்துக்கினு, முந்தானைய வாயில அடைச்சிக்கினு சிரிக்கறோம். நர்சம்மா பாவம், பொம்மைய வெச்சிக்கினு சொல்றாங்க. வெரலு நுனியால கிள்ளாதீங்க, வெரலப் படுக்கப் போட்டு மெத்துனு அழுத்துங்க, சுத்திச் சுத்தி வாங்க, அக்குளு வரைக்கும் போங்க. காம்பு உள்ள இழுத்துக்கினு இருக்குதா பாருங்க. வலிக்கலன்னு வுட்டுடாதீங்க, மொதல்ல வலிக்காதுன்னாங்க. நாங்க பாதி கேட்டோம், பாதி சிரிச்சோம். ஒழுங்கா முழுசும் கேட்டது ஜன்னலுக்கு அடியில குந்திக்கினு இருந்த ஆளு ஒருத்தருதான்.

ஏன் கேட்டாருன்றியா? நடிச்சுக் காட்டறதுக்கு. மறுநாளு ஜீப்பு ஸ்டாண்டுல டிரைவருங்க எல்லாம் கூடி நிக்கறாங்க. இவரு நர்சம்மா மாதிரி கொரல மாத்திக்கினு, துண்ட எடுத்து மேல முந்தானையாப் போட்டுக்கினு, வாங்கம்மா, வெரலப் படுக்கப் போடுங்கம்மா, சுத்தி வாங்கம்மான்னு தன் மாருலயே செஞ்சு காட்டறாரு. எல்லாரும் வுழுந்து வுழுந்து சிரிக்கறாங்க. செல்லன்னு ஒரு டிரைவரு இருக்கறாரு, அவருதான் பின்னால எங்கிட்ட சொன்னாரு. அண்ணி, சுத்திக்கினே வந்தவரு ஒரு எடத்துல நிறுத்திட்டாரு, நாங்க அதுவும் நடிப்புன்னு நெனச்சு இன்னும் ஜாஸ்தியா சிரிச்சோம், அவரு துண்டத் தோள்ல போட்டுக்கினு ட்ரிப்பு இருக்குதுன்னு போயிட்டாரு, அன்னிக்கு அவருக்கு ட்ரிப்பே கெடையாதுன்னாரு.

அப்படித்தாம்மா கெடைச்சுது. கேலி பண்ணப் போயிக் கெடைச்சுது.

என்கிட்ட சொன்னாரான்னா, மூச்சு வுடல. அதுக்குப் பதிலா இன்னா பண்ணாரு தெரியுமா, சொக்காய்க்குப் பட்டன் போட ஆரம்பிச்சாரு. கழுத்து வரைக்கும். உள்ள பனியன் வேற. கொளத்துல குளிக்கற ஆளு, கதவச் சாத்திக்கினு வூட்டுக்குள்ள குளிக்கறாரு. நான் இன்னா நெனப்பேன் சொல்லு. கல்யாணம் ஆயி இத்தினி வருசம் பட்டன் போடாத ஆம்பள திடீர்னு போட்டா எந்தப் பொண்டாட்டிக்கும் ஒண்ணுதான் தோணும். எவளோ ஒருத்தி இருக்கறா, அவ போட்டாத்தான் அழகுன்னு சொல்லியிருக்கறான்னு நெனச்சிக்கினேன். கரியாலூர்ல எறங்கற டீச்சரு, கச்சிராப்பாளையத்துல பூக்கடைக்காரி, ஒவ்வொருத்தியா மனசுக்குள்ள வெச்சுப் பாக்கறேன். ஜீப்புல முன்சீட்டுல எவ உக்கார்றான்னு பாக்கறதுக்கே வேலையில்லாத வேலையா கீழ வரைக்கும் போயிட்டு வந்தேன். முன்சீட்டுல ஒரு ஆட்டுக்குட்டி உக்காந்துக்கினு வந்துச்சு.

ஒரு நாளு அடக்க முடியல. சாமைச் சோத்தத் தட்டுல போட்டு முன்னால வெச்சிட்டு, யாருன்னு கேட்டேன். யாரு யாருன்னாரு. எவளுக்காகப் பட்டன் போடற, இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்னேன். அவரு சோத்தப் பெசஞ்சிக்கினே இருந்தாரு. வாயில வெக்கல. அப்புறம் சொன்னாரு, எவளும் இல்ல புள்ள, எனக்கு உங்க வியாதி வந்துருக்குது.

எங்க வியாதியா, இன்னா எங்க வியாதி, எனக்குக் கால் வலி இருக்குது, அதுவான்னு கேட்டேன். பொம்பள வியாதின்னாரு. முழுகாம இருக்கறியான்னு கேட்டுட்டேன். அவருக்குக் கோவம் வந்து சொக்காயக் கழட்டிட்டாரு. தடவிப் பாத்தேன். எடது பக்கம், காம்புக்கு அடியில, பலாக்கொட்டைய உள்ள வெச்சுத் தெச்சா மாதிரி. கெட்டியா, நவுராம. காம்பு உள்ள இழுத்துக்கினு இருந்துச்சு. சிரிப்புதான் மொதல்ல வந்துச்சு எனக்கு, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் அவரு மூஞ்சப் பாத்தேன். அந்த மூஞ்சிய நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல. எந்த வளைவுலயும் பிரேக்குல கால் வெக்காத ஆளும்மா அது.

நர்சம்மாவுக்குப் போனு போட்டேன். அவுங்க சிரிக்கல. சிரிப்பாங்கன்னு இவரு பயந்துக்கினு இருந்தாரு. அவுங்க சொன்னாங்க, கள்ளக்குறிச்சியில இந்தக் கெழமையில மாருக்குன்னு தனியா பாக்கறாங்க, கூட்டிக்கினு போ, தள்ளிப் போடாத. எப்படிப் போவணும்னும் சொன்னாங்க. மாருலயும் அக்குள்ளயும் எண்ண, பவுடரு, சென்ட்டு ஒண்ணும் வெக்கக் கூடாது, படம் புடிக்கும்போது பவுடரு புள்ளி புள்ளியாத் தெரியும், கட்டின்னு ஏமாந்துடுவாங்க. சுளுவாக் கழட்டற மாதிரி துணி போட்டுக்கணும். ஆதாரு, காப்பீட்டு அட்டை எடுத்துக்கணும். தெனம் சாப்டற மாத்திரை எதுனா இருந்தா அட்டையோட எடுத்துக்கணும், முன்னாடி எதுனா படம் கிடம் புடிச்சிருந்தா அதுவும். வூட்ல ஆருக்குனா இந்தப் பக்கம் கட்டி வந்துருக்குதான்னு கேப்பாங்க, யோசிச்சு வெச்சிக்க. பட்டினி கெடக்க வேணாம், சாப்ட்டுட்டுப் போங்க. கூட ஒருத்தர் போனா நல்லது, டாக்டரு சொல்றது பாதி காதுல ஏறாது, மீதிய அந்த இன்னொருத்தர் கேட்டுக்கலாம்.

நீ பவுடரு போட்டுருக்கற. இல்ல, கழுத்துல தெரியுது. மஞ்சளும் பூசியிருக்கியா. பரவால்ல, எல்லாரும் அப்படித்தான் வருவாங்க, டாக்டரம்மா முன்னால அழுக்கா நிக்கக் கூடாதுன்னு. தோ, அந்தச் சொவத்தாண்ட குழாயி இருக்குது, துண்ட நனைச்சு அக்குளு வரைக்கும் தொடச்சுக்க. நான் எடத்தப் பாத்துக்கறேன். இப்பவே போயிட்டு வா. அந்தப் பக்கம் கேட்டு இருக்குது, இந்தப் பக்கம் குழாயி. நான் பாத்துக்கினே இருப்பேன்.

வந்துட்டியா. நல்ல பொண்ணு.

நர்சம்மா இவ்ளோ சொன்னாங்களா, எங்க வூட்டுக்காரரு எல்லாத்தையும் மாத்திப் பண்ணாரு. பொண்ணு பாக்கப் போற மாப்ள மாதிரி பவுடரு. பொம்பளைங்க நடுவுல உக்காரணும்ல, வேர்வ நாத்தம் வரக் கூடாதாம். ரத்தம் எடுப்பாங்கன்னு அவரா நெனச்சிக்கினு ராத்திரிலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல. கேட்டா, நீ சும்மா இரு, எனக்குத் தெரியும்னாரு.

ஊருக்குத் தெரியாமப் போவணும்னாரு. எப்படிப் போறது? அவர் ஜீப்புலதான போவணும். ஜீப்பு கெளம்புற சத்தம் கேட்டா ஊரே வெளிய வரும். ஏறிட்டாங்க. பூமாலைன்னு ஒருத்தி இருக்கறா எங்கூர்ல, அவளுக்குக் கேள்வி கேக்கலன்னா தூக்கம் வராது. எங்கண்ணே போறீங்க ரெண்டு பேரும்னா. இவரு ரோட்டப் பாத்துக்கினே, இவளுக்கு ஒடம்பு சரியில்லன்னாரு. என்னையக் கை காட்டறாரு. நான் வாயத் தொறந்தேன், கண்ணாடியில என்னைய ஒரு பார்வ பாத்தாரு, மூடிக்கினேன். அவ்ளோதான். இன்னா ஒடம்புக்குன்னு எல்லாரும் கேக்கறாங்க. வயித்துலயா? கர்ப்பப்பையா? ஒருத்தி என் கண்ண இழுத்துப் பாத்து ரத்தமே இல்லன்றா. இன்னொருத்தி மூச்சுக் குத்துக்குக் கடுக்காய் இழைச்சுக் குடின்றா. மலை எறங்கி முடியறதுக்குள்ள எனக்கே எங்கியோ வலிக்கற மாதிரி இருந்துச்சு. கச்சிராப்பாளையத்துல எறங்கும்போது பூமாலை என் கையப் புடிச்சிக்கினு அழுதுட்டா. அண்ணன் இருக்கறாரு, உன்னையக் காப்பாத்துவாருன்னுட்டுப் போறா. அண்ணன் பேசாம பெரிய மனுசன் மாதிரி தலைய ஆட்டிக்கினாரு.

இங்க வந்து, தோ அந்த ஜன்னல்லதான் சீட்டு போட நின்னோம். பேருன்னாரு உள்ள இருந்தவரு. மாதன்னேன். எங்கூர்ல புருசன் பேரச் சொல்ல மாட்டோம், ஆனா ஆஸ்பத்திரியில இன்னா பண்றது. அவரு எழுதாமலே, புருசன் பேரு அப்புறம்மா, பேஷண்டு பேரச் சொல்லுங்கன்னாரு. பேஷண்டு பேரு மாதன்னேன். அவரு நிமிந்து பாத்துட்டு, இது மாரு பாக்கற எடம்மா, ஆம்பளைங்க ஓபி அந்தப் பக்கம்னாரு. மாருதாங்க, மாதனுக்கு மாருதான்னேன். கொஞ்சம் சத்தமா சொல்லிட்டேன் போலருக்குது. வரிசையில இருந்த அம்மாம் பேரும் திரும்பிப் பாத்தாங்க. நான் என் பின்னால பாத்தா இவரு அங்க இல்ல. தூண் மறைவுல நின்னுக்கினு, போட வேண்டிய பட்டன் எல்லாம் போட்டாச்சு, காலர்ல போடறதுக்கு இன்னும் எதுனா இருக்குதான்னு தேடிக்கினு இருக்கறாரு.

அப்புறம் இந்தப் பெஞ்சிதான். இந்தப் பெஞ்சி இல்லன்னா அந்தப் பெஞ்சி. சுத்தியும் பொம்பளைங்க, நடுவுல இவரு. பவுடரு, பட்டினி, பயம், வேக்காடு. வரிசை நவுந்துக்கினு இருக்குது, இவரு சாஞ்சிக்கினே வந்தாரு. தூங்கறாருன்னு நெனச்சேன். தொப்புனு பக்கத்துல இருந்தம்மா மடியில வுழுந்தாரு. அந்தம்மா உளுந்தூர்பேட்டைக்காரங்க, நல்ல தாட்டியான ஆளு, அவுங்களுக்கும் கட்டிதான். ஒரு கையால இவரு தலையப் புடிச்சிக்கினு, இன்னொரு கையால அவுங்க பையத் தொழாவி மிச்சம் வெச்சிருந்த இட்லிய எடுத்தாங்க. ஆ காட்டு தம்பின்னு ஊட்டி வுட்டாங்க. எல்லாரும் அவுங்கவுங்க சீட்டால விசிறினாங்க. இவரு கண்ணத் தொறந்து பாத்தா தலைக்கு மேல பொம்பள மூஞ்சியா இருக்குது. செத்துட்டேன் போலருக்குதுன்னு நெனச்சாராம்.

அதுக்கப்புறம் வெக்கம் போயிடுச்சும்மா அவருக்கு. வுழுந்து எழுந்தாச்சு, இட்லி துன்னாச்சு, இனிமே இன்னா. எந்தப் பக்கம் தம்பின்னு அந்தம்மா கேட்டாங்க. எடதுன்னாரு. எனக்கும் எடதுதான்னாங்க. ரெண்டு பேரும் ஒரே ஊர்க்காரங்க மாதிரி பேச ஆரம்பிச்சிட்டாங்க.

உள்ள இன்னா பண்ணுவாங்கன்னுதான கேக்கற. ஒண்ணும் பண்ணிட மாட்டாங்க. மொதல்ல டாக்டரம்மா கேப்பாங்க. எப்ப பாத்த, வளந்துருக்குதா, வலிக்குதா, தண்ணி கிண்ணி வருதா, வூட்ல ஆருக்குனா இருந்துச்சா. அந்தக் கடைசிக் கேள்விக்கு இவரு இல்லன்னுதான் சொன்னாரு. அப்புறம், எங்கம்மா கூடப் பொறந்தவங்க ஒருத்தி, சாலம்மான்னு, மாருல புண்ணு வந்து கடைசி வரைக்கும் தனி வூட்டுல இருந்தாங்க, நாங்க கிட்டப் போவ மாட்டோம், சாமி குத்தம்னாங்கன்னாரு. டாக்டரம்மா அத்த எழுதிக்கினாங்க. அவரு அந்தம்மாவப் பத்திப் பேசி நான் கேட்டதே இல்ல.

அப்புறம் தடவிப் பாப்பாங்க. பொம்பள டாக்டருதான், பக்கத்துல சிஸ்டரு நிக்கும், தெரை இழுத்து வுட்டுடுவாங்க. அப்புறம் ஸ்கேனு. பசை மாதிரி ஒண்ணத் தடவுவாங்க, சில்லுனு இருக்கும். இவருக்குக் கூச்சம் ஜாஸ்தி, நெளிஞ்சு நெளிஞ்சு சிரிச்சு, ஆடாதீங்கன்னு திட்டு வாங்கனாரு. அப்புறம் அந்தப் படம் புடிக்கற மிஷினு. ரெண்டு பலகைக்கு நடுவுல வெச்சு அழுத்தும். நமக்குக் கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கற வலிதான், மூச்ச இழுத்துப் புடிச்சு வுடறதுக்குள்ள வுட்டுடுவாங்க. இவருக்கு வெக்கறதுக்கே ஒண்ணுமில்ல. மிஷினு பாக்கற பொண்ணு இழுக்கறா, வருது, நழுவிடுது, மறுபடியும் இழுக்கறா. இவரு சொன்னாராம், அம்மாடி, இருக்கறதே அவ்ளோதான், பாத்து.

கடைசியில ஊசி போட்டுக் கட்டியில கொஞ்சூண்டு எடுத்துப் பாத்தாங்க. அத்த எல்லாருக்கும் பண்ண மாட்டாங்க, சந்தேகம் இருந்தாத்தான். மரத்துப் போவ மருந்து போட்டுத்தான் எடுப்பாங்க. காட்டுப் பன்னி குறுக்க வந்தாலும் ஆரன் அடிக்காத ஆளு, ஊசியப் பாத்ததும் என் கையப் புடிச்சாரு பாரு, வளையலு நொறுங்கிப் போச்சு. டாக்டரம்மா அவருக்குப் பஞ்சு வெக்கறதா எனக்குப் பஞ்சு வெக்கறதான்னு பாத்தாங்க.

ரிசல்ட்டா. ஒரு வாரம் கழிச்சு வரச் சொல்லித்தான் சொன்னாங்க. அது அதுதாம்மா. கேன்சருதான்.

இரு, மூஞ்ச மாத்தாத. எல்லாக் கட்டியும் அப்படி ஆவாது. முக்காவாசிப் பேருக்கு ஒண்ணுமில்லாத கட்டிதான், இங்க வந்து உக்கார்றவங்கள்ல நெறைய பேரு சாயங்காலம் சிரிச்சிக்கினுதான் போவாங்க. அந்த உளுந்தூர்பேட்டையம்மாவுக்கு வெறும் தண்ணிக் கட்டி. ஊசி வெச்சு உறிஞ்சி எடுத்துட்டாங்க. அவுங்க இன்னும் எங்க வூட்டுக்காரருக்குப் போனு போட்டு இட்லி துன்னியா தம்பின்னு கேக்கறாங்க.

இவருக்கு டாக்டரம்மா பொறுமையா சொன்னாங்க. சீக்கிரம் வந்துருக்கறீங்க, எடுத்துட்டா நல்லாயிடும், ஆம்பளைங்க நெறைய பேரு இது நமக்கு வராதுன்னு வுட்டுட்டு முத்திப் போய் வருவாங்க, நீங்க எப்படிக் கண்டுபுடிச்சீங்கன்னு கேட்டாங்க. இவரு என்னையப் பாத்தாரு, நான் அவரப் பாத்தேன். நர்சம்மா சொல்லிக் குடுத்தாங்கன்னாரு. ஜீப்பு எப்ப ஓட்டலாம்னு மட்டும் ஒரு கேள்வி கேட்டாரு. 

திரும்பிப் போவும்போது மலையில ஒரு வளைவுல வண்டிய ஓரங்கட்டினாரு. எங்களத் தவுர ஆரும் இல்ல வண்டியில. கீழ மரவள்ளிக் காடு தெரியும் அந்த எடத்துல. ஸ்டீரிங்க வுடாமலே, செங்கம்மா, நான் ஆம்பளதானன்னு கேட்டாரு.   கைய நீட்டி அவரு மேல பட்டனக் கழட்டி வுட்டேன். அடுத்ததையும் கழட்டி வுட்டேன். காத்து வாங்கு, வண்டிய எடுன்னேன். எடுத்தாரு.

ஆபரேசன் நல்லபடியா ஆச்சு. எடது பக்கம் வழவழன்னு ஒரு கோடு இருக்குது இப்ப, அக்குளு வரைக்கும். கை தூக்க வரல மொதல்ல. சொவத்துல வெரல வெச்சு ஏணி ஏறற மாதிரி ஏத்தச் சொன்னாங்க. அவரு ஜீப்பு மேல ஏத்தினாரு. கூரைய எட்டுன அன்னிக்கு ஸ்டாண்டுல எல்லாருக்கும் டீ. தெனம் ஒரு மாத்திரை தராங்க. அது பொம்பளைங்களுக்குத் தர்ற மாத்திரையாம். அத்தச் சாப்ட்டா ஒடம்பு திடீர் திடீர்னு கொதிக்கும், வேர்த்து ஊத்தும். எனக்கும் தூரம் நிக்கற வயசு, கொதிக்குது. ரெண்டு பேரும் ஒரே விசிறிக்கு அடிச்சிக்கறோம். இத்த எத்தினி வருசமாடி பொம்பளைங்க பொறுத்துக்கறீங்கன்னு கேக்கறாரு. இப்பவாவது கேட்டியேன்னேன்.

பட்டனா? தொப்புளு வரைக்கும் தெறந்துதான் கெடக்குது. தையலக் காட்டிக்கினுதான் வண்டி ஓட்டறாரு. ஏறனவங்க ஆராவது அது இன்னாண்ணேன்னு ஒரு வார்த்த கேட்டுட்டாப் போதும், வெரலப் படுக்கப் போடுங்கம்மா, சுத்தி வாங்கம்மான்னு ஆரம்பிச்சிடுவாரு. வளைவுல வண்டி போய்க்கினு இருக்குது, குதிச்சா ஓட முடியும்? கேட்டுத்தான் ஆவணும். அந்தப் பூமாலையவே இங்க கூட்டியாந்து காட்டினாரு. அவளுக்கு ஒண்ணுமில்ல. என்னைய ஏன்டி அழ வுட்ட அன்னிக்குன்னு அவ இன்னும் எங்கிட்ட சண்ட.

இன்னாம்மா, தைரியம் வந்துச்சா கொஞ்சம்? இப்பதான் நல்லா சாஞ்சு உக்காந்துருக்கற.

இன்னிக்கு அவருக்குச் செக்கப்பான்னா கேக்கற? இல்ல, அவருக்குப் போன தபாவே பாத்துட்டாங்க. நல்லாருக்குது, இனிமே ரொம்ப நாளு கழிச்சு வந்தாப் போதும்னுட்டாங்க.

இன்னிக்கு எனக்கு. வலது பக்கம். குளிக்கும்போது கையில பட்டுச்சு. அவருகிட்ட சொன்னேன். ஊருக்கே வாய் ஓயாமச் சொல்ற ஆளு, மலை எறங்கற வரைக்கும் வாயே தொறக்கல. தனக்கு வந்தப்போ மயக்கம் போட்டுட்டு எழுந்து இட்லி துன்னவரு, எனக்குன்னதும் மூஞ்சி வெளுத்துப் போயி இந்தப் பெஞ்சில குந்திக்கினு இருந்தாரு. பாக்க முடியல. அதான் டீ குடிச்சிட்டு வான்னு நான் அனுப்பிச்சேன். அனுப்பிச்சிட்டு நானும் எழுந்தேன். கேட்டத் தாண்டிட்டா பஸ்ஸு, ஏறிடலாம்னு. அப்பதான் எனக்கு முன்னால நீ போய்க்கினு இருந்த. வேற இன்னா சொல்றதுன்னு தெரியாம, கக்கூசு இந்தப் பக்கம்மான்னேன்.

நீ நிக்காம போயிருந்தா உன் பின்னாலயே நானும் போயிருப்பேன். அதான் வாய மூடாம பேசிக்கினே இருந்தேன், நீ எழுந்துடக் கூடாதேன்னு.

தோ, என் பேருதான் கூப்புடறாங்க. வரேன் சிஸ்டரு, செங்கம்மா நாந்தான். பேஷண்டும் நாந்தான்.

கொளஞ்சியம்மா, நான் வெளிய வர்ற வரைக்கும் இருப்பியா? இருக்கறியா. சரி. அப்ப நான் போறேன்.